உப்பு வைக்கிற இடம்

கோயமுத்தூர்
27.5.2007

கனகமணிக்கு ஜெகதீசன் எழுதியது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜாகீரை உனக்குத் தெரியும். தேவர்சோலைக்காரர், கோவை–கூடலூர் பஸ் ஓட்டுகிறவர். அவர் கையில் ஒரு கறுப்புப் பையும் இருக்கும். வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அப்புறம் திற. லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டால் ஆளுக்கொரு பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள்.

பையில் இருப்பது கேமரா. பயப்படாதே, வாங்கவில்லை. ஒரு டாக்டர் தன் மகனுக்கு வாங்கிப்போய், பையனுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரே வாரத்தில் எங்கள் கேமராக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டி கிழிந்துபோனதால் புதிது என்று விற்க முடியாது. என் முதலாளி சர்தார் பாய்க்கு என் ஆசை தெரியும். அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெகதீசா, ஏசி ரூமுக்குள்ள எல்லாக் கேமராவும் நல்ல கேமராதானப்பா. மலைக்கு அனுப்பி ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பாரு. குளுரு, மழை, கரெண்டு வராத எடம், அத்தனைக்கும் தாங்குச்சுன்னா நீயே வெச்சுக்க. சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமா கழிச்சுக்கலாம்."

எனக்கு இப்போது லீவு கிடையாது. முகூர்த்தக் காலம், கடையில் நிற்க இடமில்லை. ஆகவே ஓட்டிப் பார்ப்பது உன் பொறுப்பு. பெரிய கேமராக்களில் இது கடைசித் தம்பி, ஆனால் கல்யாணம் எடுக்க இது போதும். லென்ஸ் ஒன்று, பேட்டரி ஒன்றே ஒன்று, சார்ஜர், கழுத்தில் மாட்டும் பட்டை, கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், இவ்வளவுதான் கம்பெனி தருவது. படங்கள் போய் உட்காரும் மெமரி கார்டைத் தருவதில்லை. அடுப்பை விற்றுவிட்டு விறகுக்கு வேறு கடையைக் காட்டுகிற வியாபாரம். பாயே தன் கையிருப்பிலிருந்து ஒரு கார்டு கொடுத்தார், உள்ளே போட்டிருக்கிறேன். பை மட்டும் நான் வாங்கியது.

பேட்டரி எத்தனை நாள் நிற்கிறது, கார்டு எவ்வளவு கொள்கிறது, பை மழையைத் தாங்குகிறதா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். தேறிவிட்டால் தேவர்சோலை பஜாரில் ஒரு சின்னக் கடை பிடித்து ஸ்டுடியோ போட்டுவிடலாம். நான் வந்துவிடுவேன், கனகமணி. தேறாவிட்டால் எதை வைத்துக்கொண்டு வருவது? அதனால் கவனமாகப் பார்.

பிரியாவை விசாரித்ததாகச் சொல்.

ஜெகதீசன்


ஓவேலி, ஏழாம் லைன்
5.6.2007

பிரியா அப்பாவுக்கு,

பை வந்தது. இரண்டு வருஷமாக உங்களை வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பை வந்திருக்கிறது. உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். இங்கே டவர் எடுப்பதில்லை. கூடலூர் பூத்துக்குப் போனால் உங்கள் குரலைக் கேட்பதற்குப் பதில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடிதத்தில் இன்னொரு வசதி, நடுவில் புகுந்து நீங்கள் பேச முடியாது.

சார்ஜர் அனுப்பியிருக்கிறீர்கள். லைனில் கரெண்டு இல்லை என்று சித்திரையிலேயே எழுதினேன். எஸ்டேட்காரர்கள் பில் கட்டவில்லை, பிடுங்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் கடிதத்தை நீங்கள் எந்தக் கண்ணால் படிக்கிறீர்களோ தெரியவில்லை. பஜாரில் ஜெஸிந்தா டீக்கடையில் சொருகி வைத்தேன். அவள் வருகிற ஆட்களிடமெல்லாம், "அந்தப் பக்கம் சாயாதீங்க, கனகமணி அக்கா சாமான் செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கண்ணச் சிமிட்டுது" என்று காவல் காத்தாள்.

சார்ஜ் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அமுக்கினால் படம் எடுக்க மாட்டேன் என்கிறது. பிரியா இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள், கார்டு பூட்டியிருக்கிறதாம். இந்த லைனில் பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது. நீங்கள் அனுப்பியதும் பூட்டிக்கொண்டே வந்தால் நான் சாவிக்கு எங்கே போவேன்? அதற்கு வழி எழுதுங்கள்.

பையைப் பற்றிக் கேட்டீர்கள். நேற்றைய மழையில் குடையில்லாமல் பஜாரிலிருந்து கொண்டுவந்தேன். நான் நனைந்தேன், அது நனையவில்லை. நல்ல பை.

வாரத்துக்கு இரண்டு நாள்தான் பேர் போட்டு வேலை தருகிறார்கள். தேயிலைக்கு விலை இல்லை, ஃபேக்டரி ஓடவில்லை, பறித்த கொழுந்தை வெளி ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள். சம்பளம் எப்போது என்று கேட்டால் கிளார்க் தலையைச் சொறிகிறார்.

கனகமணி


கோயமுத்தூர்
12.6.2007

கனகமணிக்கு,

உன் கடிதத்தைப் பாயிடம் படித்துக் காட்டினேன். பல்லி கண் சிமிட்டுவதற்குச் சிரித்துவிட்டு, "உன் ஊட்டுக்காரி உன்னையவிட வெவரமா இருக்காளே" என்றார். கரெண்டு விஷயம் மறந்துபோனது உண்மைதான், கோபித்துக்கொள்ளாதே.

கார்டை வெளியே எடு. பக்கவாட்டில் நகம் அகலத்துக்கு ஒரு சின்னத் தள்ளு இருக்கும். அதை மேலே தள்ளினால் பூட்டுத் திறந்துவிடும். கையால் தடவாதே, அதன் மஞ்சள் பற்களில் விரல் படக் கூடாது. கேமராவை அணைத்துவிட்டுத்தான் கார்டை எடுக்க வேண்டும். படங்கள் கார்டில்தான் இருக்கின்றன, பேட்டரியில் இல்லை. அதனால் பேட்டரியைக் கழற்றினால் படம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துக்கொள்ளும். தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் நம்பாதே. கழற்றி இடுப்பில் கொஞ்ச நேரம் செருகி வைத்துவிட்டுப் போட்டால் இன்னும் சில படம் எடுக்கும். உண்மையா என்று பார்த்து எழுது. இரண்டாவது பேட்டரி கம்பெனியுடையதே வாங்க வேண்டுமா, டூப்ளிகேட் போதுமா என்பதை உன் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று கால் ஸ்டாண்டும் பார்த்து வைத்திருக்கிறேன். மெல்லிசுதான், காற்றடித்தால் ஆடும், ஆனால் மடக்கினால் கைக்கு அடக்கம்.

மனிதர்களை எடுத்துப் பழகு. செடியையும் மலையையும் எடுத்தால் காசு தர ஆள் இல்லை.

ஸ்டுடியோவுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெகதீசன்


ஓவேலி
26.6.2007

பிரியா அப்பாவுக்கு,

தள்ளைத் தள்ளினேன், பூட்டுத் திறந்துவிட்டது. முதல் படம் என் கால். இரண்டாவது பிரியா. மூன்றாவது பிரியா எடுத்த நான், அதை நீங்கள் பார்க்க வேண்டாம்.

பேட்டரியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. காலையில் பனி விலகுவதற்கு முன்னால் எடுத்தால் அரை மணியில் படுத்துவிடுகிறது. இடுப்பில் செருகி ஒரு கூடை கொழுந்து பறித்துவிட்டு வந்து போட்டேன், எழுந்துகொண்டது. வெயில் நேரத்தில் சலிக்காமல் ஓடுகிறது. ஆனால் இங்கே அதற்குச் சோறு போட ஜெஸிந்தா கடைவரை நடக்க வேண்டும். அதனால் இரண்டாவது கட்டாயம் வேண்டும். கார்டு தாராளம், ஒரு கல்யாணத்துக்குக் காணும். பெரிய கல்யாணமென்றால் இன்னொன்று. லென்ஸ் மூடி மட்டும் சரியில்லை, நூல் இல்லாததால் நிமிஷத்துக்கு ஒரு தரம் புல்லில் தேடுகிறேன். நான் ஒரு கயிறு கட்டிவிட்டேன்.

மனிதர்களை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். போன ஞாயிறு வேலாயி குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பியது. சாமானை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, வாசலைக் கழுவி, பூட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏ புள்ள, எங்கள ஒண்ணு புடிச்சிரு. வூட்டு நம்பரும் வுழணும்" என்றாள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அவள் புருஷன் மாரப்பன் சிலோனிலிருந்து சின்னப் பையனாக வந்தவர். அதே வீட்டில்தான் வளர்ந்தார், அதே வீட்டில்தான் பேரன் எடுத்தார். நம்பர் விழுவதற்காக அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னேன். எதிலிருந்து நகரச் சொல்கிறேன் என்று தெரியாமல் நகர்ந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதைப் பார்த்துக் கீழ் லைனிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிளம்புகிற ஒவ்வொரு குடும்பமும் பூட்டைப் போட்டுவிட்டு ஒரு படம் கேட்கிறது. காசு எப்படிக் கேட்பேன்? உங்கள் வீட்டுக்காரர் பிரிண்டு போட்டு அனுப்புவாரா என்கிறார்கள், அனுப்புவார் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். கேமரா நல்ல கேமரா. ஆள்தான் இல்லை. கல்யாணம் செய்கிறவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். இருக்கிற எங்களுக்குச் சோற்றுக்கே வழியில்லை, யார் ஆல்பம் போடுவார்கள்? தேவர்சோலைப் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்து பறிக்கவும் செடியைக் கவாத்து வெட்டவும் ஆள் தேடுகிறார்கள். கூலி குறைவுதான். இரண்டு பேரும் போனால் ஓடிவிடும். கேமரா வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்.

கனகமணி


கோயமுத்தூர்
3.7.2007

கனகமணிக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எழுதுகிறாய். கூடலூர் என்ன காலியாகவா கிடக்கிறது? ஓவேலியில் ஒரு லைன் காலியானால் உலகமே காலியா?

கேள். ஜாகீர் தங்கை ஷஹானாவுக்கு ஆகஸ்ட் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். தேவர்சோலையில்தான். போட்டோ நான்தான் எடுக்கிறேன் என்று ஜாகீரிடம் பேசி முடித்துவிட்டேன். "நம்ம ஊர்க்காரன் இருக்கச்சே வேற ஆள எதுக்குத் தேடணும்" என்று அவர் வாயாலேயே சொன்னார். பாய் மூன்று நாள் லீவு தந்துவிட்டார். இது நன்றாக அமைந்தால் அந்த ஊரில் அடுத்த கல்யாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நமக்கு விடிவு அங்கிருந்துதான்.

ஆகவே இனிமேல் யாரையும் எடுக்காதே. போகிறவர்களுக்குப் படம் எடுத்து நமக்கு என்ன ஆகப் போகிறது? பேட்டரி ஏற்றி ஏற்றி இறக்கினால் அதன் ஆயுசு குறையும். கேமராவைப் பையில் போட்டு எடுத்து வைத்துவிடு, நான் வரும்வரை திறக்காதே. மழை வலுக்கும் நேரம். ஈரம் ஏறினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். உப்பை எப்படிப் பாதுகாப்பாயோ அப்படி வைத்துக்கொள். இதற்குமேல் உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கவாத்து வெட்ட வரச் சொல்கிறாய். கோவையில் நாலு பேர் கேமராக்காரர் என்று கூப்பிடுகிறார்கள் என்னை. கத்தியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், கேமரா பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது ஃபேக்டரி வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். வந்தால் கேமராவோடுதான் வருவேன்.

ஜெகதீசன்


ஓவேலி
29.7.2007

பிரியா அப்பாவுக்கு,

சிரிப்பதற்கு இங்கே யாரும் இல்லை, அந்தக் கவலையை விடுங்கள். ஃபேக்டரி வாசலில் புல் முளைத்திருக்கிறது.

மூன்று வாரமாக மழை விடவில்லை. வெயில் என்று ஒன்று இருந்ததையே மறந்துவிட்டோம். சுவர் வியர்க்கிறது. பிரியாவின் புத்தகமெல்லாம் ஊறிப் புடைத்துவிட்டது. கவாத்தில் கழித்த மிலாறு விறகை இரவும் பகலும் எரித்துத் துணி காயவைக்கிறேன். வீடு முழுக்கப் புகை, ஆனாலும் அடுப்பை விட்டால் வேறு காய்ந்த இடம் கிடையாது.

கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சொன்ன மாதிரியே பத்திரமாக இருக்கிறது, ஒரு பொட்டு ஈரம் அண்டவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே வைத்தேன், அதற்கப்புறம் தொடவே இல்லை. கீழ் லைன் கிருபை வீட்டார் போகும்போது கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது எனக்கு என்னவோ போல் இருந்தது.

மூன்று நாள் லீவு என்றால் ஒரு நாள் முன்னாலேயே வாருங்கள். பிரியா நீங்கள் வரும் நாளைக் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறாள். உங்களுக்கு என்ன ஆக்கிவைக்கட்டும் என்று எழுதுங்கள்.

கனகமணி


ஓவேலி
24.8.2007

பிரியா அப்பாவுக்கு,

கோவை போய்ச் சேர்ந்தீர்களா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தீர்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "பை எங்க" என்று கேட்டீர்கள். அடுப்புக்கு மேலே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தும்கூட எனக்குப் புரியவில்லை. பை சுடச்சுட, காய்ந்து, கருவாடு மாதிரி இருந்தது. திறந்தீர்கள். லென்ஸுக்குள் மஞ்சளாகப் புகை படிந்திருந்தது. பிடிக்கிற இடத்து ரப்பர் இளகி விரலோடு வந்தது. பேட்டரி வீங்கிப்போய் வெளியே வரவே மாட்டேன் என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினீர்கள், பேட்டரி இருக்கிற இடமே உடைந்தது.

இந்த லைனில் உப்பு எங்கே இருக்கும்? தீப்பெட்டி எங்கே இருக்கும்? பிரியா பிறந்தபோது அவள் துணியை எங்கே காயவைத்தோம்? ஆடி மாதம் ஈரம் படாமல் ஒன்றை வைக்க வேறு இடம் இந்த வீட்டில் இருந்தால் நீங்களே சொல்லியிருக்கலாம். உப்பு மாதிரி பார்த்துக்கொள் என்று எழுதினீர்கள், உப்புப் பானையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். தினமும் நிமிர்ந்து பார்த்து, இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் சொன்னதை நானும் சொல்லிக் காட்டுகிறேன். "ஒங்கிட்ட குடுத்தேன் பாரு, என்னய செருப்பால அடிக்கணும். நீ காட்டுல கொழுந்து கிள்ளத்தான் லாயக்கு." ஆமாம், லாயக்குதான். அதில்தான் நீங்கள் இல்லாத இரண்டு வருஷமும் சாப்பிட்டோம். பிரியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் வருவீர்கள் என்று தலை குளித்துப் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள், அவளை ஒரு தடவை பார்க்கவில்லை.

ராத்திரியோடு ராத்திரியாகத் தேவர்சோலைக்குப் போனீர்கள். ஜாகீரிடம் சொல்லிவிட்டு வருவீர்கள் என்று சோற்றை மூடி வைத்திருந்தேன். அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டீர்கள் என்று மறுநாள் ஜெஸிந்தா வந்து சொல்லித்தான் தெரியும். கூடலூரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்துக் கல்யாணத்தை எடுத்தார்களாம். ஜாகீர் கோபப்படவில்லையாம், வருத்தப்பட்டாராம்.

ஒன்று சொல்கிறேன், திட்டுங்கள். நீங்கள் கத்திக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. இனிமேல் நம்புவதற்குக் கேமரா இல்லை, வெறுங்கையோடாவது வந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படித்தானா? அதை மட்டும் எழுதுங்கள்.

கனகமணி


கோயமுத்தூர்
9.9.2007

கனகமணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல நாள் கடத்திவிட்டேன்.

மலையில் உப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மா வைத்த இடமும் அதுதான். ஆனால் அன்றைக்கு எழுதும்போது இங்கே என் ரூமில் ஜன்னலோரம் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாதான் கண்ணில் இருந்தது. இரண்டே வருஷத்தில் நம் வீட்டு அடுப்பு எனக்கு மறந்துவிட்டது. தப்பு என்னுடையது. உன்னைச் சொன்ன வார்த்தைகளை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும்.

பாய் கேமராவைப் பிரித்துப் பார்த்தார். லென்ஸுக்குள் ஒட்டியிருந்த பசை உருகிக் கண்ணாடி நகர்ந்துவிட்டது. பேட்டரி உள்ளே கசிந்து தகட்டைத் தின்றிருக்கிறது. சரிசெய்கிற செலவுக்குப் புதிதே வந்துவிடும் என்றார். அவர் சத்தம் போடவில்லை. "விடுப்பா, மலைல வெச்சுப் பாக்கச் சொன்னது நான்தான" என்று சொல்லிவிட்டு, மேலே பளபளவென்று துடைத்து ஷோகேஸில் வைத்துவிட்டார். வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, கனம் பார்த்து, கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுப் புதிதை வாங்கிப் போகிறார்கள். நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

சம்பளத்தில் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு வேறு எங்கும் போகமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கேட்டார். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? கொடுத்துவிட்டேன். நீ கேட்டதற்கு இதுதான் பதில். கோபப்படாதே.

கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆச்சரியம், அவ்வளவு சூட்டிலும் எல்லாப் படமும் அப்படியே இருக்கிறது. கடை மூடியபிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கதவு, கதவு, கதவு. ஒவ்வொன்றிலும் நம்பர் தெளிவாக விழுந்திருக்கிறது. நீ நன்றாக எடுத்திருக்கிறாய், கனகமணி, யாருடைய தலையும் வெட்டுப்படவில்லை. மூன்றாவது படத்தில் நீ இருந்தாய். நான் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அது. இவ்வளவு மெலிந்திருக்கிறாய் என்று நேரில் வந்தபோது எனக்குத் தெரியவில்லை. பெரிது பண்ணிப் பார்த்தேன், கழுத்தெலும்பு தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் பிரிண்டு போட்டு இதோடு அனுப்புகிறேன். யார் யார் எங்கே போனார்கள் என்று தெரிந்தால் அனுப்பிவிடு.

புது மாடல் ஒன்று வந்திருக்கிறது. பேட்டரி இதைவிட இரட்டிப்பு நிற்குமாம், மூடியிலேயே நூல் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் விலை இறங்கிவிடும். நீ அதுவரை

(இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். உன்னை இரு என்று சொல்ல வந்தேன்.)

ஜெகதீசன்


ஓவேலி
20.9.2007

பிரியா அப்பாவுக்கு,

படங்கள் வந்தன. யாருக்கும் விலாசம் கிடையாது. வேலாயி மட்டும் ஜெஸிந்தாவின் தம்பி இருக்கும் வீதியில்தான் இருக்கிறாளாம், அவளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? பெட்டியில் போட்டிருக்கிறேன்.

கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாங்களும் திருப்பூருக்குக் கிளம்புகிறோம். இந்த மாதம் தண்ணீர்க் குழாயையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரமாக ஒரு பேர்கூட இல்லை. டீ குடிக்க ஆள் இல்லாமல் ஜெஸிந்தாவும் கடையை மூடிவிட்டாள், அவள் லாரியிலேயே எங்களுக்கும் இடம் கொடுக்கிறாள். பனியன் கம்பெனியில் துணியைப் பார்த்துப் பிரிக்கிற வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டுமாம். நிற்பது எனக்குப் பழக்கம்தான். பிரியாவுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை அவளும் என்கூட வரட்டும் என்கிறார்கள். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் அப்பாவும் என் அப்பாவும் சிலோனில் ஒரு தோட்டத்தை விட்டு இங்கே இன்னொரு தோட்டத்துக்கு வந்தார்கள். கடலைத் தாண்டினாலும் அதே செடி, அதே கூடை. தோட்டமே இல்லாத ஊருக்குப் போவது நம் வீட்டில் நான்தான் முதல் ஆள், உங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பாயிடம் இரண்டு வருஷம் என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்த இரண்டு வருஷம் என்னுடையதும்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம், அவர் நல்ல மனுஷர், தருவார். உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரும் வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கழுத்தெலும்பைப் பார்த்து அழுதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைப் பல தடவை படித்தேன். நீங்கள் அழுதது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு அடுத்த பக்கத்திலேயே புது மாடலின் பேட்டரிக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தானாம். நினைத்தபோதெல்லாம் பஸ் என்று ஜெஸிந்தா சொல்கிறாள். "இனி ஒங்க வூட்டுக்காரரு வாரா வாரம் வந்துருவாருக்கா" என்று எனக்குச் சந்தோஷம் வரட்டும் என்றுதான் சொன்னாள். அப்பா ஏன் வரவில்லை என்று பிரியா கேட்டபோதெல்லாம் இத்தனை நாளும் மலையைச் சொன்னேன். மழை என்றேன், லீவு இல்லை என்றேன், ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்றேன். எல்லாவற்றையும் நம்பினாள், நானும் நம்பினேன். அங்கே போனபிறகு அவள் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

கனகமணி